டில்லிராணியின் முதல் கிரகம்

டில்லிராணி முதன்முதலா வேற ஒரு கிரகத்துல கால் வச்ச அன்னைக்கு, ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும், என் கடை எலெக்ட்ரானிக் தராசு பொய் சொல்ல ஆரம்பிச்சுது. ஒரு கிலோ வெங்காயத்தை வச்சா இருநூறு கிராம்னு காட்டுது. தட்டிப் பார்த்தேன், துடைச்சுப் பார்த்தேன், பேட்டரியைக் கழட்டி மாட்டிப் பார்த்தேன், அப்பவும் இருநூறுதான். வெங்காயம் வாங்க வந்தவ மூணாவது மாடி நசீமா, தையக்காரி, மிஷின் ஓடற வேகத்துக்கு வாயும் ஓடும். "பாக்கியக்கா, ஒரு கிலோ கேட்டா அஞ்சு கிலோ அள்ளி வைக்கிறியே, நல்லாருப்பே"ன்னு சொல்லிட்டு பையைத் தூக்கினா பாருங்க, பையோட சேர்ந்து அவளும் மேல கிளம்பி, கடைக் கூரைத் தகரத்துல தலையை இடிச்சுக்கிட்டு, காத்துல பாலித்தீன் பை இறங்கற மாதிரி மெதுவா இறங்கி வந்து என் எதிர்ல நின்னா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்புறம் அவ மீதி சில்லறையைக் கேட்டா, நானும் குடுத்தேன்.

எங்க பிளாக்கைப் பத்திச் சொல்லிடறேன், இல்லாட்டி ஒண்ணும் புரியாது. கால்வாய் ஓரத்துக் குடிசையிலேர்ந்து எங்களை எல்லாம் சட்டி பானையோட லாரியில ஏத்தி, ஊருக்கு வெளியில, பஸ்ஸே திரும்பிப் போற இடத்துக்கும் அப்பால கொண்டாந்து இறக்கினாங்க. நாலு மாடி. லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தாங்க, லிஃப்டைத்தான் விடலை. தண்ணி லாரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வரும், குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ஏறணும், நாலாவது மாடிக்காரிங்க கடைசிப் படியில நின்னு என்னைத் திட்டுவாங்க, நான் தரைத்தளம், வூட்டு ஜன்னல்லயே கடையும் போட்டிருக்கேன் இல்லையா, அதனால. குலுக்கல்ல வந்த வீடு அது, என் கை எடுத்த சீட்டு, அதுக்கு நான் இன்னா பண்றது?

டில்லிராணிக்கு விழுந்தது நாலாவது மாடி. அவ நைனா ஏகாம்பரம் நாப்பது வருஷம் மார்க்கெட்டுல மூட்டை தூக்கின மனுஷன், ரெண்டு முட்டியும் போயிடுச்சு. வந்து இறங்கின அன்னைக்கு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போய் மேல வச்சாங்க. வச்சதோட சரி, மூணு வருஷம் அவர் மண்ணை மிதிக்கலை, ஜன்னல்லேர்ந்து என் கடையில வாழைப்பழத் தார் மாட்டியிருக்கறதைப் பார்த்து எத்தனை பழம் வித்துச்சுன்னு எண்ணிக்கிட்டு இருப்பார். முதல் வாரத்துலயே டில்லிராணி வந்து, "அக்கா, வீட்டை மாத்திக்கலாமா?"ன்னு கேட்டா. "கடை இருக்குதேம்மே"ன்னு சொன்னேன். பொய் ஒண்ணும் இல்லை, கடை இருந்துச்சு. அவளும் சரிக்கான்னுட்டுப் போயிட்டா, திரும்பக் கேக்கலை.

அந்தப் பொண்ணுக்கு ஒரு செல்போன் கம்பெனியில வேலை, எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னு ஒரே திருகாணியை முடுக்கணும். போனஸ் வந்ததும் பட்டுப்புடவை எடுப்பா, கம்மல் வாங்குவான்னு பார்த்தா, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கிட்டு வந்து நடு வூட்டுல வச்சா, அதுல ஒரு விளையாட்டைப் போட்டா. அது பேரு என் வாயில நுழையாது. ஆகாசத்துல கப்பல் ஓட்டற விளையாட்டு, ஆனா சுடற விளையாட்டு மட்டும் இல்லையாம், நாமளே ஒரு ஆளா மாறி உள்ள போய் வாழணுமாம்.

"அக்கா, மொதல்ல மூஞ்சி கேக்குதுக்கா"ன்னு மறுநாள் கடை வாசல்ல நின்னு, ஒரு காலை மாத்தி ஒரு காலை ஆட்டிக்கிட்டே சொன்னா. அவ நின்னா காலாட்டுவா, உக்காந்தா விரலாட்டுவா, அப்படிப் பொறப்பு. "எப்படி மூஞ்சி வேணும்னு கேக்குது, கண்ணு நாலுகூட வச்சுக்கலாம், தோல் பச்சையாகூட வச்சுக்கலாம், ஒரு மூக்குத்தி மட்டும் கெடையாது. தேடித் தேடிப் பார்த்தேன், கெடையாது. அப்புறம் இதுக்கு முன்னாடி இன்னா வேலை பண்ணேன்னு கேக்குது. சிப்பாய், திருடன், வைத்தியன், சமையக்காரன்னு வரிசையா போட்டிருக்கான், கடைசியில சுமை தூக்கறவன்னு ஒண்ணு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. நைனான்னு அதை அமுக்கிட்டேன்."

"சரி, பலம் நெறைய குடுத்தானா?"

"பத்துப் புள்ளி குடுத்து, பலம், பேச்சு, வேகம்னு நீயே பிரிச்சுக்கோன்றான். பத்தையும் பேச்சுக்குப் போட்டுட்டேன்."

"மூட்டை தூக்கறவளுக்கு வாய் மட்டுமா? வெளங்கிடும்."

"சும்மா இருக்கா. அங்க பேச்சுதான் முக்கியம். எதிர்ல ஒருத்தன் வந்து நின்னு ஒண்ணு கேட்டான்னா, நாம சொல்றதுக்கு நாலு பதிலை எழுதிக் காட்டிட்டு அப்படியே நிக்குது விளையாட்டு. நான் யோசிக்கிற வரைக்கும் அவன் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டான். என் பதிலுக்காக ஒருத்தன் நின்னது அன்னைக்குத்தான்க்கா. கம்பெனியில பாத்ரூம் போவணும்னா கையைத் தூக்கிக்கிட்டு அரை மணி நேரம் நிக்கிறேன்."

இறங்கின இடத்தைப் பத்தி அவ பின்னால சொன்னதுதான் இது, ஒரு சின்னக் கிரகமாம், துறைமுகமாம், மண்ணு செங்கல் பொடி மாதிரி, மேல ரெண்டு சூரியன். அங்க எல்லாமே அஞ்சுல ஒரு பங்குதான் கனக்குமாம். பத்துப் பெட்டியைக் கிடங்குல கொண்டு போய் வைக்கணும்னு மொத வேலை. வச்சு முடிச்சதும் ஒரு தகர பொம்மை வந்து கூட ஒட்டிக்கிச்சு. தூரத்துல ஒரு கப்பல், அதோட கதவு பாதி தெறந்து, உள்ள நீல வெளிச்சம், உள்ள யாரோ பாத்திரம் கழுவற சத்தம். "மெய்யாலுமே பாத்திரம் கழுவற சத்தம்க்கா, ஸ்பீக்கர்ல காது வச்சுக் கேட்டேன். கப்பல்ல யாருக்கா பாத்திரம் கழுவுவாங்க?"ன்னா. தகர பொம்மை கேட்டுச்சாம், கப்பல் தயார், ஏறுறியான்னு. ஏறுகிறேன், இப்போது இல்லை, ஏன் கேக்கறே, இதுல ஒண்ணைத் தொடணும். செவ்வாக்கிழமை ராத்திரி அவ தொடப் போற நேரத்துலதான் நாங்க கதவைத் தட்டினோம்.

எங்க கனம் போறது அவ விளையாட்டாலதான்னு எப்படிக் கண்டுபிடிச்சோம்னா, ஞாயித்துக்கிழமை சாப்பிடறதுக்கு அவ கம்ப்யூட்டரை அணைச்சா, பிளாக் மொத்தமும் தொப்புன்னு கனம் வந்து உக்காந்துச்சு. சாப்பிட்டுட்டுப் போட்டா, கனம் போயிடுச்சு. திங்கக்கிழமை, செவ்வாக்கிழமை ரெண்டு தடவை இதே கதை. கீழ் வூட்டுல உக்காந்து தைச்சுக்கிட்டே மேல விளையாட்டுப் பாட்டு எப்ப கேக்குது, எப்ப நிக்குதுன்னு கவனிச்சு, நசீமாதான் முடிச்சுப் போட்டா. நாங்க ஒண்ணும் வாயைப் பொளக்கலை. நிலம் போயிருக்கு, வூடு போயிருக்கு, போறதுல இப்ப கனம் போச்சு, இதாவது திரும்பி வராம இருந்தா நல்லதுன்னு எல்லாருக்கும் ஒரே எண்ணம்.

காம்பவுண்டு சுவருக்குள்ளதான் அது. கேட்டைத் தாண்டினா கனம் வந்து ஏறிக்கும். காலையில வேலைக்குப் போற சனம் கேட்டாண்ட கரண்டு கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கும், உடம்பு வந்து சேரட்டும்னு. சாயங்காலம் திரும்பி உள்ள கால் வைக்கும்போது அப்பாடான்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதைக் கேக்கறதுக்காகவே நான் கடை பெஞ்சை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். எலெக்ட்ரானிக் தராசைப் பரண்ல போட்டுட்டு பழைய தட்டுத் தராசை எடுத்தேன், படிக்கல்லும் லேசாயிடுச்சு, வெங்காயமும் லேசாயிடுச்சு, நியாயம் நியாயமா நின்னுச்சு. பொம்பளைங்க கைக்கு ரெண்டா நாலு குடம் தூக்கினாங்க, அஞ்சாறு படியை ஒரே தாவா தாவினாங்க, கொடியில காயப்போட்ட சேலை சாயாம பறந்துக்கிட்டே கெடந்துச்சு, டீ ஆத்தினா அது கிளாசுக்கு வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை பேசி முடிச்சுடலாம். அதிகாரி ஒருத்தர் டேப்பை வச்சு அளந்து பார்த்துட்டு, பாரம் கொறைஞ்சதால கட்டடத்துக்கு ஆயுசு கூடியிருக்குன்னு எழுதிக்கிட்டுப் போனார். போகும்போது அவரும் ரெண்டு தடவை குதிச்சுப் பார்த்தார்.

ஏகாம்பரம் அண்ணன் இறங்கி வந்தது புதன்கிழமை. படியில கால் வைக்கிறார், சுவரைப் புடிக்கிறார், அடுத்த படி, நின்னு சிரிக்கிறார், அடுத்த படி. மூணு வருஷம் கழிச்சு மண்ணுல நின்னு செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலால ரெண்டு தடவை தேச்சுப் பார்த்தார். அப்புறம் நேரா என் பெஞ்சுல வந்து குந்திக்கிட்டு, "பாக்கியம், நீ பழத்தைத் தார்லேர்ந்து அறுக்கற அழகு இருக்குதே, மேலேர்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, கத்தியைக் குடு"ன்னார். அன்னைலேர்ந்து தெனமும் காலையில வந்தா ராத்திரிக்குத்தான் மேல போவார். எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

கன்னியப்பன்தான் எங்க சங்கத் தலைவர், ஆட்டோ ஓட்டறவர், ஒண்ணுமில்லாத விஷயத்துக்கும் மைக் கேப்பார். அவர் கூட்டம் போட்டு டில்லிராணியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தாம்மா, அந்தக் கப்பல்ல ஏறினா இன்னா ஆவும்?"

"வேற கிரகம் போயிடும்ண்ணே."

"அங்க கனம் எப்படி?"

"யாருக்குத் தெரியும்? போனாத்தானே தெரியும்."

"புடிக்கலைன்னா திரும்பி வந்துடலாமா?"

"இந்த விளையாட்டுல பின்னாடி போறதுக்கு வழியே கெடையாதுண்ணே. முதல்லேர்ந்து ஆடினாலும் வேற ஏதாவது ஊர்லதான் கொண்டு போய் இறக்கும்."

"அப்ப ஏறாதே"ன்னார் கன்னியப்பன். கை தட்டினோம்.

ஆனா மத்தவங்க மாதிரி இந்தக் கேள்வி நம்ம பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தகர பொம்மை வந்து ஏறுறியான்னு கேக்கும், பத்து எண்றதுக்குள்ள பதில் தொடாட்டி, மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டுக் கப்பல் கிளம்பிடும். அதனால யாராவது ஒருத்தர் உக்காந்து இப்போது இல்லைன்னு தொட்டுக்கிட்டே இருக்கணும், ராப்பகலா. முறை போட்டு வூட்டுக்கு ஒரு மணி நேரம்னு வச்சுக்கலாம்னு யோசனை சொன்னது யார்? நான்தான். தண்ணி லாரிக்கு வரிசை போடறவ நான், குடத்துக்குப் பதிலா செருப்பை வச்சு எடம் புடிக்கிறவங்களைத் தொரத்தறவ நான், எனக்கு வராத முறையா? நோட்டுல கோடு போட்டு வூட்டு நம்பரை எழுதி அவ வூட்டுக் கதவுல ஒட்டினேன். கரண்டு போனா சிக்கல்னு சேர்ந்து ஒரு இன்வர்ட்டரும் வாங்கி வச்சோம்.

அப்படியே ஆடி போச்சு, ஆவணி போச்சு. அவ வூடு அவ வூடா இல்லை. வேலை முடிச்சு வந்தா, அவ நாற்காலியில யாராவது ஒருத்தி கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இப்போது இல்லைன்னு தொட்டுக்கிட்டு இருப்பா. அவ செவுத்துல சாஞ்சு நின்னு கப்பல் கதவையே பார்ப்பா. முறைக்காரி எழுந்தாலும் அவ உக்கார மாட்டா, உக்காந்தா எதைத் தொடுவோமோன்னு அவளுக்கே பயம். கீழ என் கடைக்கு வருவா, ஒரு முறுக்கு வாங்குவா, பாதி தின்னுட்டு வச்சுடுவா, கேட்டு வரைக்கும் தாவிப் போவா, திரும்பி வருவா. "அக்கா, நான் அந்த விளையாட்டுல மொத்தம் பார்த்தது ஒரு துறைமுகம், பத்துப் பெட்டி, ஒரு தகர பொம்மை. அதுக்கப்புறம் இன்னா இருக்குன்னே தெரியலை. எனக்குத் தூக்கத்துலகூட அந்தப் பாத்திர சத்தம் கேக்குதுக்கா"ன்னா. "ஏண்டி, இத்தனை சனம் நல்லா இருக்குதே, உனக்குப் புண்ணியம்"னு சொன்னேன். புண்ணியம்ன்ற வார்த்தையைக் கேட்டதும் அவ மூஞ்சி போன போக்கை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வெங்காயம் பொறுக்கினேன்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. பொண்ணு ஆசைப்பட்டு விளையாடுது, ஊரும் கூட சேர்ந்து விளையாடுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தார். அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு டில்லிராணி என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்களுக்கு அது பெரிய நாளு. கன்னியப்பன் ஆட்டோவைக் கழுவி வாழைக்கன்னு கட்டினார், நசீமாகூட எங்க மனசுக்காக அன்னைக்கு மிஷினை மூடி வைப்பா, நான் தராசுக்கும் கத்திக்கும் சந்தனம் குங்குமம் வச்சு சாமி முன்னால சாய்ச்சு வச்சேன். அன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது, அதுக்கு ஓய்வு, மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும், சின்ன வயசுலேர்ந்து கையில ஊறின பழக்கம். ஒம்போது மணிக்குக் கன்னியப்பன் சொன்னார், "நம்ம பிளாக்குக்கே சோறு போடற ஆயுதம் ஒண்ணு நாலாவது மாடியில கெடக்குது, அதுக்கு ஒரு மாலை கூட இல்லைன்னா சாமி மன்னிக்குமா?" எல்லாரும் ஐயையோ ஆமாம்னோம். சத்தியமா சொல்றேன், ஒருத்தருக்குக்கூட உறைக்கலை. அணைச்சா கனம் வரும்னு தெரியாதா? தெரியும். ஆனா அன்னைக்கு அது பூஜைக்குரிய ஆயுதம், ஆயுதத்துக்கு ஓய்வு குடுத்துத்தானே கும்புடணும். முறைக்கு உக்காந்திருந்தவளே பயபக்தியா எழுந்து வழி விட்டா. டில்லிராணி மட்டும் செவுத்தோரம் நின்னுக்கிட்டு, "அண்ணே, வேணாம்ணே"ன்னு ஒரு தடவை சொன்னாளாம். "கம்னு இரும்மா, நல்ல நாளும் அதுவுமா"ன்னு அடக்கிட்டு, கன்னியப்பன் கம்ப்யூட்டரை அணைச்சு, இன்வர்ட்டரை அணைச்சு, பிளக்கையும் புடுங்கி அதுக்கும் பொட்டு வச்சார்.

தண்ணி லாரி வந்து நிக்கிற நேரம் அது. படி நெடுக சனம், ஆளுக்கு நாலு குடம். கனம் வந்த சத்தத்தை என்னால சொல்ல முடியாது. குடம் உருண்டுச்சு, தண்ணி நாலு மாடியிலேர்ந்தும் படி படியா இறங்கி என் கடை வாசலுக்கு வந்துச்சு, அது பின்னாலேயே சனம் ஒவ்வொருத்தரா உக்காந்த வாக்குல படியில இறங்கி வந்தாங்க. நசீமாவுக்குக் கணுக்கால் பிசகிப்போச்சு. யாருக்கும் உசுருக்கு ஒண்ணும் ஆகலை. ஏகாம்பரம் அண்ணன் கேட்டாண்ட நின்னு பூசணிக்காய் உடைக்கப் போனவர், காயோட கீழ உக்காந்துட்டார். ரெண்டு பேர் தோள் குடுத்து என் பெஞ்சுல கொண்டாந்து சாச்சோம்.

திரும்பப் போடலாமா வேணாமான்னு சண்டை நடந்துச்சு. பூஜையில வச்சதை அன்னைக்கே எடுத்தா குத்தம்னு பாதி, குத்தமாவது கித்தமாவதுன்னு பாதி. கன்னியப்பன் மைக்கே கேக்கலை. கடைசியில மறுபூஜை முடிஞ்சதும் காலையில போட்டுக்கலாம்னு முடிவாச்சு.

மத்தியானம் டில்லிராணி இறங்கி வந்தா. பெஞ்சுல நைனா பக்கத்துல உக்காந்தா. அவ கால் ஆடலை, அதை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"ஏம்மா, மெஷின் நின்னுபோச்சே, உனக்குப் பொழுது போவலையா?"ன்னு அவர் கேட்டார்.

"நான் எங்க நைனா விளையாடினேன்?"

அப்படி ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டா. கப்பல், பாத்திர சத்தம், கதவுல ஒட்டின நோட்டுப் பேப்பர், ரெண்டரை மாசமா இப்போது இல்லை. சொல்லும்போது அழலை, கோவமா சொன்னா. "எனக்குப் போவணும் நைனா. கம்பெனியிலயும் ஒரே எடம், வூட்டுலயும் ஒரே எடம், ஆசைப்பட்டு வாங்கின விளையாட்டுலயும் ஒரே எடம். ஆனா நான் ஏறினா நீ மேல போயிடுவே. அதான் ஏறலை. அதைச் சொல்லிட்டு உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கறது?"

அவர் கெட்ட வார்த்தையில என்னைத்தான் ஒண்ணு திட்டினார். சத்தியம் பண்ணிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியேன்னு. திட்டிட்டு அவ பக்கம் திரும்பினார். "நான் நாப்பது வருஷம் தூக்கினேன், ஆனா கடைக்குக் கடை இறக்கி வச்சேன்ல? எவனும் என்னை மூட்டையோட நிக்க வச்சு வேடிக்கை பார்க்கலை. நீ எங்க எல்லாரையும் தூக்கிக்கிட்டு இறக்காம நிக்கிறே. இன்னா நினைச்சுக்கினு கீறே உன் மனசுல?"

"அப்ப நீ மேல போறியா?"

"மாட்டேன்"னார். "அதையும் சொல்லிடறேன். எனக்கு இந்தப் பெஞ்சு வேணும். மேல போனா செத்துடுவேன். நீயும் போவணும், நானும் கீழ இருக்கணும். ரெண்டும் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியலை, நான் படிக்காதவன்."

சாயங்காலம் கன்னியப்பனும் மூணு பேரும் அதே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. பழைய நாற்காலி, ஒரு கால் வெடிச்சிருக்கு. ஏகாம்பரம் அண்ணன் பெஞ்சை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டார், கையை விடுவிக்க முடியலை. ஒரு ராத்திரிதானே, என் வூட்டு முன்னறையில படுக்கட்டும்னு சொல்லிட்டு நான் பாயை எடுத்துப் போட்டேன்.

காலையில எழுந்து பார்த்தா, அவர் சுவரைப் புடிச்சு எழுந்து, ஆறு தப்படி நடந்து, பெஞ்சுல உக்காந்து பழத்தாரை அவுத்துக்கிட்டு இருக்கார். நான் வழக்கம் போல ஜன்னல் பலகையை இறக்கினேன், பிஸ்கட் பாட்டிலை அடுக்கினேன், மறுபூஜை போட்டுத் தராசைத் தொங்கவிட்டேன், மொத ஆளு வந்து பால் பாக்கெட் வாங்கிக்கிட்டுப் போச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவர் உள்ள தூங்கியிருக்கார், கடை வெளிய நடக்குது. கடைக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆகலை. மூணு வருஷத்துக்கு முன்னாலயும் ஒண்ணும் ஆகியிருக்காது. கடைக்கு வேண்டியது இந்த ஜன்னலும் பெஞ்சும் மட்டும்தான், நான் படுக்கறது எங்க இருந்தா அதுக்கு இன்னா? ஒரு படியேறச் சோம்பல் பட்டுக்கிட்டு கடை மேல பழியைப் போட்டேன். அதுக்கு ஒரு கிரகமே நின்னுச்சு, ஒரு பொண்ணு நின்னுச்சு, ராப்பகலா ஊரே உக்காந்து இப்போது இல்லைன்னு தொட்டுக்கிட்டு இருந்துச்சு. எவனுக்காவது தோணுச்சா, பாக்கியத்தை மாடி ஏறச் சொல்லலாம்னு? எனக்கே தோணலை, மத்தவங்களைச் சொல்லி இன்னா.

சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் படியேறினேன். முழுக் கனத்தோட. ரெண்டாவது மாடியில உக்காந்தேன், மூணாவது மாடியில நசீமா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டுத் தண்ணி குடுத்தா, நாலாவது மாடி வாசல்ல எனக்கு மூச்சு நின்னு வந்துச்சு. உள்ள மறுபூஜை முடிஞ்சு கற்பூர வாசம். சனம் நிறைஞ்சு நிக்குது, கம்ப்யூட்டர் மேல மாலை, டில்லிராணி நாற்காலியில. அப்பத்தான் பிளக்கை மாட்டிப் போட்டாங்க, கனம் கழண்டுச்சு, திரையில தகர பொம்மை வந்து நிக்குது.

"இந்தா"ன்னு சாவியை அவ மடியில போட்டேன். "உங்க நைனா கீழ என் வூட்டுல இருக்கட்டும், நீயும் மூட்டையைக் கட்டு. நான் இங்க வந்துடறேன். கடை எங்கேயும் போவாது."

கன்னியப்பன், "அக்கா, அப்ப எங்க கதி?"ன்னார்.

"உன் கதிக்கு நீ லிஃப்ட் கேளு. மைக்கு புடிக்கத் தெரியுதுல்ல? அந்தப் பொண்ணு இன்னா உன் ஆட்டோவா, நிறுத்தி வச்சுக்கறதுக்கு?"

டில்லிராணி சாவியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. எனக்கு அவகிட்ட மன்னிப்பு கேக்கணும் போல இருந்துச்சு. பொம்மை கேட்டுச்சு, கப்பல் தயார், ஏறுறியான்னு. பத்து எண்றதுக்குள்ளன்னு நாங்க எல்லாரும் மனசுக்குள்ள எண்றோம். மூணுலயே ஏறுகிறேன்னு தொட்டுட்டா.

பிளாக்கே ஒரு குலுக்கு குலுங்குச்சு, அவ்ளோதான். காம்பவுண்டு சுவர் நின்ன இடத்துலயே நின்னுச்சு. அரை மணி நேரம் கழிச்சு அவ ஜன்னல்ல எட்டிக் கீழ கத்தினா, பிளாக்குக்கே கேட்டுச்சு. "நைனா! உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தது ஒரு சமையக்காரம்மா! ஆறு கை இருக்குது அதுக்கு! 'எங்கடி போனே, இத்தனை நாளா கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு கெடக்கறேன்'னு என்னைத் திட்டுது!"

அதுக்கப்புறம் நாங்க எத்தனையோ ஊரு பார்த்துட்டோம். ஒரு வாரம் எல்லாருக்கும் ரெண்டு நிழல் விழுந்துச்சு, ரெண்டையும் பத்திரமா மிதிக்காம நடந்தோம். ஒரு ஊர்ல மழை கீழேர்ந்து மேல போச்சு, குடையைத் தலைகீழாப் புடிச்சோம். வாரத்துக்கு ஒரு ஊருன்னு பழகிப்போச்சு, கன்னியப்பன் காலையில அறிவிப்பு குடுப்பார், லிஃப்டுக்கு மனு எழுதற வேலைக்கு நடுவுல. வூட்டுக் காகிதம் இன்னும் மாறலை, சாவிதான் மாறியிருக்கு.

இப்ப வந்திருக்கற ஊரு மகா மோசம். எல்லாமே ரெண்டு மடங்கு கனக்குது. கடையை மூடிட்டு, ஒத்தைக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு நாலு மாடி ஏறேன், ஒவ்வொரு படிக்கும் அவளை ஒரு வார்த்தை திட்டறேன், வார்த்தை தீந்துபோனா முதல்லேர்ந்து திட்டறேன். ஏகாம்பரம் அண்ணன் பெஞ்சுல இருந்துக்கிட்டு, "குந்திக்கிட்டு இருக்கறவனுக்கு கனம் ரெண்டாயிருந்தா இன்னா, பத்தாயிருந்தா இன்னா"ன்னு சிரிக்கிறார். மூணு வாரம் ஆச்சு, அவ கிளம்பற வழியாக் காணோம், அந்த ஊர்ல ஏதோ காடு இருக்காம், அதுல ஏதோ பூச்சி பாடுதாம். இன்னைக்கு முடியலை. குடத்தை நாலாவது மாடியில இறக்கி வச்சுட்டு, ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கீழ என் பழைய வூட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"அடியே டில்லிராணி! எப்ப அடுத்த ஊருக்குப் போவப் போறே?"

வாசப்படியில ஆடற அவ காலு மட்டும் மேலேர்ந்து தெரிஞ்சுச்சு. அப்புறம் நிதானமா, அனுபவிச்சு, ஒரு பதில் மேல ஏறி வந்துச்சு.

"இப்போது இல்லைக்கா!"